மூன்று மதமும் கையெழுத்திட்ட ஒரே மனு

"…கையெழுத்து உன்னுதுன்னு பாத்ததுமே தெரிஞ்சிபோச்சு அண்ணாத்தே. எழுத்துக்கு எழுத்து வால் இழுத்து வுடுவியே, அது இந்த குவார்ட்டர்ஸ்ல வேற யாருக்கு வரும்? அதான் வேற எங்கியும் போவாம நேரா உன்னாண்ட வந்துட்டேன். பதிலும் நீயே எழுதிக் குடுத்துடு."

என் வீட்டு வாசலில் நின்று இதைச் சொன்னவன் கோதண்டம். கையில் ஆபீஸ் கொடுத்த மெமோ. அதோடு குண்டூசியில் குத்திய ஒரு மனு. அவனையும், அவனோடு ஒரே வீட்டில் இருந்த ஞானப்பிரகாசத்தையும் குவார்ட்டர்ஸை விட்டு வெளியேற்ற வேண்டும் என்று கேட்கிற மனு.

எழுதியவன் நான்.

எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. இத்தனை வருஷம் கழித்து இப்போது ஏன் என்கிறீர்களா? போன வாரம் டிவியில் மூன்று பேர் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் காவி, ஒருவர் வெள்ளை அங்கி, ஒருவர் தொப்பி. அதற்கு முந்தைய தலைப்பில் ஒருவரை ஒருவர் பேசவிடாமல் கத்திக்கொண்டவர்கள்தான். அடுத்த கேள்வி, ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் சேர்ந்து வாழ்வதைப் பற்றி. அவ்வளவுதான்… மூன்று தலையும் ஒரே மாதிரி ஆடின. "இதில் எல்லா மதங்களுக்கும் ஒரே கருத்துதான்" என்றார் நடுவில் இருந்தவர். மற்ற இருவரும் முதல் முறையாக அவரைப் பார்த்துச் சிரித்தார்கள்.

பக்கத்தில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்த என் மனைவி சரோஜா நிமிரக்கூட இல்லை. "சவுண்டைக் குறைங்க. அன்னிக்குக் கேட்டதே போதும்" என்றாள்.

அன்னிக்குக் கேட்டதைத்தான் இந்த வாரம் சொல்லப்போகிறேன்.

என்னைப் பற்றி உங்களுக்குத் தெரியும். எட்டாவதோடு நின்றவன். தமிழ் படித்தது பள்ளிக்கூடத்தில் பாதி, நோட்டீஸ் போர்டில் பாதி. ஆவடிக்கும் அம்பத்தூருக்கும் நடுவே ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் கிளார்க். குவார்ட்டர்ஸில் எவருக்கு எது தேவையென்றாலும் — லீவு லெட்டர், தண்ணீர் வரவில்லை என்ற புகார், சம்பந்தி வீட்டுக்குக் கோபமாக ஒரு கடிதம் — நான்தான் எழுதுவேன். சும்மாதான். ஒரு டம்ளர் டீ. அவர்கள் சொல்லும்போது வந்து விழுகிற பேச்சு இருக்கிறதே, அதுதான் எனக்குக் கூலி. 'மாமியா வூட்டுல எனக்கு மரியாதை உண்டு சார், சோறுதான் கெடையாது' என்று ஒருத்தர் எழுதச் சொன்னார். அதை எப்படிங்க மறப்பது?

ஒரே ஒரு கொள்கை உண்டு எனக்கு. எழுதுவேன், கையெழுத்துப் போடமாட்டேன். சாட்சியாகக்கூட. பேனா என்னுடையது, வம்பு உங்களுடையது.

குவார்ட்டர்ஸில் மாரியம்மன் கோயில் ஒன்று. அதற்கு நாலு பிளாக் தள்ளி ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட சர்ச். ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் பள்ளிவாசல். மூன்றிலும் குழாய் ஸ்பீக்கர். ஒன்றையொன்று பார்த்த மாதிரியே திருப்பி வைத்திருப்பார்கள். நான் மூன்று மதத்தையும் கற்றது இந்த ஸ்பீக்கர் வழியாகத்தான். ஞாயிறு காலை துணி அலசும்போது கிறிஸ்தவம். வெள்ளி மதியம் சாப்பிடும்போது இஸ்லாம். ஆடி மாதம் பூராவும் இந்து மதம்… தூக்கம் கிடையாது.

இதனால் சண்டை வராமல் இருக்குமா? வந்தது. சமாதானக் கமிட்டி என்று ஒன்று போட்டார்கள். கோயில் சார்பில் நாயுடு, பவுண்டரி ஷாப் ஃபோர்மேன். சர்ச் சார்பில் தேவசகாயம், டைம் ஆபீஸ் ஹெட் கிளார்க். பள்ளிவாசல் சார்பில் கரீம் பாய், கேன்டீனுக்கு விறகு சப்ளை செய்பவர். தீர்மானங்களை எழுத நான். ஒன்றரை வருஷம் கூடினார்கள். எவருடைய ஸ்பீக்கரை எந்த நேரம் அணைப்பது என்று ஒரு தீர்மானம்கூட நிறைவேறவில்லை. என் நோட்டில் தேதியும், 'டீ அருந்தப்பட்டது' என்பதும்தான் இருக்கும்.

கோதண்டம் திருமழிசைப் பக்கம். அப்பா அம்மா இருவரும் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள். அவன்தான் அந்த வீட்டில் முதன்முதலாக ஆலைச் சங்கு ஊதினால் வேலைக்குப் போனவன். பவுண்டரியில் இரும்பு வார்க்க மண் அச்சு செய்கிற மோல்டர். ஞானப்பிரகாசம் தூத்துக்குடிக்காரன், லேத்தில் கடைசல் பிடிக்கிற டர்னர். பேச்சலர்கள் இரண்டு பேர் சேர்ந்து கேட்டால் ஒரு வீடு கொடுப்பார்கள் — அப்படிச் சேர்ந்தவர்கள். மற்ற பேச்சலர்கள் இரண்டு வருஷத்தில் கல்யாணம் ஆகிப் பிரிந்துபோனார்கள். இவர்கள் எட்டு வருஷம்.

தப்பாக எவரும் எதுவும் பேசியதில்லை. கோதண்டம் கருவாட்டுக் குழம்பு வைத்தால் எங்கள் பிளாக் வரை வாசம் வரும். ஞானம் ஸ்டவ் ரிப்பேர் பார்ப்பான். சர்ச்சில் ஹார்மோனியம் வாசிப்பான். ஞாயிற்றுக்கிழமை அவன் வாசிக்கிறபோது கோதண்டம் வீட்டு வாசல் படியில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருப்பான். விரல் ஹார்மோனியத்துக்குத் தோதாகப் போகும். தெரிந்தவர்களுக்கு அதுவே போதும். ஆனால் தெரிந்ததை எவரும் தெரிந்த மாதிரிக் காட்டிக்கொள்ளவில்லை. அப்படித்தான் அந்தக் காலத்தில் நாகரிகமாக இருப்பது.

அந்த வருஷம் ஞானத்துக்கு டைபாய்டு. பெரிய ஆஸ்பத்திரியில் மூன்று வாரம். 'சொந்தக்காரர்களுக்குத் தகவல் சொல்லிடுங்க' என்று டாக்டரே சொல்லிவிட்டார். கோதண்டம் லீவு போட்டுவிட்டுக் கூடவே கிடந்தான். லீவு லெட்டர் நான் எழுதியதுதான். காரணம் என்ன என்று கேட்டேன். "ஊட்டுல ஒடம்பு சரியில்லன்னு போடு" என்றான்.

பிழைத்தான் ஞானம். தலைமுடி எல்லாம் கொட்டி, பாதியாகி வந்து சேர்ந்தான்.

ஆடி மூன்றாம் ஞாயிறு எங்கள் கோயிலில் வேப்பஞ்சேலை. தெரியும்தானே? குளித்துவிட்டு ஈரத்தோடு உடம்பைச் சுற்றி வேப்பிலைக் கொத்தை நெருக்கமாகக் கட்டிக்கொண்டு அம்மனை மூன்று சுற்று சுற்றுவது. பெரும்பாலும் பெண்கள். புருஷன் சாகக்கிடந்து பிழைத்தால் பெண்டாட்டி கட்டுவாள். ஆண்களும் கட்டுவதுண்டு — தனக்கே அம்மை வந்து இறங்கினால், பிள்ளைக்கு முடியாமல் போய்ச் சரியானால்.

எவர், எவருக்காகக் கட்டுகிறார்கள் என்று மைக்கில் வாசிப்பது வழக்கம். பட்டியல் எழுதுவது என் வேலை. இரண்டு தாள். ஒன்றில் 'கணவர் உயிர் காக்க வேண்டிக்கொண்டவர்கள்'. இன்னொன்றில் 'தமக்காகவும் பிள்ளைகளுக்காகவும் வேண்டிக்கொண்டவர்கள்'.

கோதண்டம் கடைசியாக வந்தான். இடுப்புத் துண்டோடு, தலையில் தண்ணீர் சொட்டச் சொட்ட.

"எழுதிக்கோ அண்ணாத்தே. கோதண்டம்."

"யாருக்காக?"

"ஞானத்துக்கு."

"உறவுன்னு என்ன போட?"

"இன்னா போடுவியோ போட்டுக்கோ. அம்மாவுக்குத் தெரியும்."

இரண்டாவது தாள் நிரம்பிவிட்டது. முதல் தாளில் அடியில் ஒரு வரி காலியாக இருந்தது. இன்னொரு தாள் எடுத்திருக்கலாம். ஒரே ஒரு பெயருக்காக முழுத் தாளா என்று ஸ்டோர்ஸ்காரன் கை போகவில்லை. காலியான அந்த வரியில் எழுதிவிட்டேன்.

மைக்கில் வாசித்தவர் நாயுடு. கணீரென்ற குரல். "கணவர் உயிர் காக்க வேண்டிக்கொண்டவர்கள்… கன்னியம்மா, முனுசாமி உயிருக்காக. ராஜேஸ்வரி, தங்கவேலு உயிருக்காக…" வரிசையாக வாசித்துக்கொண்டே வந்தார். அதே ராகத்தில், யோசிக்காமல், கடைசி வரியையும் வாசித்தார்.

"கோதண்டம், ஞானப்பிரகாசம் உயிருக்காக."

ஸ்பீக்கர் சர்ச்சைப் பார்த்துத் திரும்பியிருந்தது என்று சொன்னேன் அல்லவா? குவார்ட்டர்ஸ் முழுக்கக் கேட்டது.

முதலில் ஒரு ஆள் சிரித்தான். பிறகு கொஞ்சம் பேர். அப்புறம் கூட்டமே சிரித்தது. பெண்கள் மட்டும் சிரிக்கவில்லை. வேப்பிலை கட்டி நின்ற பெண்கள், நடுவில் ஒரு ஆளுக்கு இடம் விட்டு ஒதுங்கினார்கள். கோதண்டம் தலை நிமிரவில்லை. சுற்ற ஆரம்பித்தான். மூன்று சுற்றையும் முடித்துவிட்டுத்தான் போனான்.

நாயுடு என்னைப் பார்த்த பார்வை இன்னும் முதுகில் இருக்கிறது. அவரைப் பார்த்தல்லவா சிரித்துவிட்டார்கள்?

மறுநாள் சாயங்காலமே கமிட்டி கூடியது. முதலில் கொதித்தவர் தேவசகாயம். "எங்கள் சபை உறுப்பினர் பெயரை உங்கள் கோயில் மைக்கில் எப்படி வாசிக்கலாம்? எங்கள் பிள்ளைக்கு உங்கள் அம்மன் எப்படிச் சுகம் தரலாம்?"

"நாங்க கூப்ட்டா வந்தான்? உங்காளு எங்காளக் கெடுத்து வெச்சிக்கீறான்," என்றார் நாயுடு.

"கெடுத்தது யார் என்று கர்த்தருக்குத் தெரியும்."

கரீம் பாய்தான் நடுவில் புகுந்தார். "அட, இரு நைனா. பட்டியல் எழுதினவரு எடம் மாத்திப் போட்டிருப்பாரு. அதுக்குப் போயி…" என்று என்னைப் பார்த்தார்.

வாசகர்களே, அந்த ஒரு நிமிஷம் எனக்கு வாய்த்தது. 'ஆமாம் பாய், தாள் இல்லை, அதனால்தான்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். டீயைக் குடித்துவிட்டுக் கலைந்திருப்பார்கள். ஆனால் நாயுடு ஃபோர்மேன். அவரைப் பார்த்து ஊரைச் சிரிக்க வைத்தது என் சோம்பேறித்தனம் என்று நானே எப்படிச் சொல்வது? "அவன் சொன்னதைத்தான் எழுதினேன்" என்றேன்.

நாயுடு எங்களைச் சுற்றிப் பார்த்தார். "அப்போ அவனே ஒத்துக்கினான்," என்றார்.

அதற்குப் பிறகு சண்டை இல்லை. இதைத்தான் உங்களிடம் சொல்ல நினைத்தேன். ஒன்றரை வருஷமாக ஐந்து நிமிஷத்துக்கு ஒத்துவராத மூன்று பேர், அன்று ஒருவர் நாற்காலியை ஒருவர் இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டார்கள்.

தேவசகாயம் வேதத்திலிருந்து ஆரம்பித்தார். இரண்டு பட்டணம், அங்கே இருந்தவர்கள் செய்த காரியம், வானத்திலிருந்து விழுந்த நெருப்பு. கரீம் பாய் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அட, இது எங்களுக்கும் உண்டே. எங்களுக்குக் கல்லு மழை." ஒரே நபி, ஒரே ஊர். இத்தனை நாள் அடுத்தடுத்து உட்கார்ந்தும் தெரியாமல் போயிற்றே என்று இருவருக்கும் சந்தோஷம். கைகூடக் குலுக்கிக்கொண்டார்கள்.

நாயுடுவுக்கு முகம் வாடிவிட்டது. எரிந்த ஊர் ஒன்று தன்னிடம் இல்லையே. "எங்கள்ளயும் இருக்கும். அய்யரக் கேட்டுச் சொல்றேன்," என்றார். இருவரையும் வெளியேற்றச் சொல்லி ஆபீஸுக்கு மனு கொடுப்பது என்று தீர்மானம் நிறைவேறியது.

கேட்டும் வந்தார். நானும் கூடப் போனேன். கோயில் குருக்கள் பாவம், யோசித்துப் பார்த்தார். பழைய சாஸ்திரத்தில் இதற்கு ஒரு பிராயச்சித்தம் உண்டு என்றார். கட்டின துணியோடு முழுக வேண்டும்.

"அப்புறம்?" என்றார் நாயுடு.

"அப்புறம் ஒண்ணுமில்லே. தலையைத் துவட்டிக்கலாம்."

நாயுடுவுக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே. "குளிச்சா பூடுமாய்யா? இத்தப் போயி மனுவுல எழுதினா அந்த ரெண்டு பேரு நம்மள மதிப்பானுங்களா?" வழியெல்லாம் புலம்பினார். அவர் வருஷா வருஷம் மாலை போட்டு மலைக்குப் போகிறவர். நான் மெல்லக் கேட்டேன். "நாயுடு, நீங்க கும்பிடுற சாமி பொறந்த கதையே…"

"அது சாமி. சாமி பண்றத மனுசன் பண்ணக் கூடாது. நீ 'இந்து தர்மத்துக்கும் விரோதம்'னு மட்டும் போட்டுக்கோ, போதும்."

கரீம் பாயிடம் கையெழுத்துக்குப் போனபோது அவரும் கொஞ்சம் தயங்கினார். விறகு அடுக்கிக்கொண்டிருந்தார். "எங்கள்ள ஒண்ணு கீது நைனா. நாலு பேரு கண்ணால பாத்து சாட்சி சொல்லணும். பாக்கறதுக்காக அடுத்தவன் ஊட்டுல எட்டிப் பாக்கறதும் பாவம். அப்ப எப்படிப் பாக்கறது?"

"அப்ப வேணாமா பாய்?"

ஒரு விறகை எடுத்து அடுக்கின் மேல் வைத்தார். "நான் போடலன்னா, பாய்ங்க அதுக்கு சப்போர்ட்டுன்னு ஆயிடும். குடு இப்படி."

போட்டார்.

மதங்கள் என்ன சொல்கின்றன என்று கேட்கிறவர்களுக்கு என்னிடம் இருக்கிற பதில் இவ்வளவுதான். ஒவ்வொன்றிலும் நெருப்பும் இருந்தது. ஒரு சின்ன ஜன்னலும் இருந்தது. அன்று மூன்று பேரும் அவரவர் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்துதான் கையெழுத்துப் போட்டார்கள்.

மனு எப்படி எழுதினேன் என்கிறீர்களா? நன்றாகவே எழுதினேன். அதுதான் வயிற்றெரிச்சல். குற்றத்துக்கு ஒரு பெயர் வைக்க வேண்டும். எங்கள் எவரிடமும் அதற்கு ஒரு வார்த்தை இல்லை. ஒரு ராத்திரி யோசித்து, 'சகல மதங்களுக்கும் விரோதமான வாழ்க்கை முறை' என்று போட்டேன். நாயுடு படித்துவிட்டு முதுகில் தட்டினார். "எட்டாவது படிச்சவன் எழுத்தாய்யா இது?" எனக்குப் பெருமையாக இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய்.

வீட்டுக்கு வந்து சரோஜாவிடம் வாசித்துக் காட்டினேன். எதை எழுதினாலும் அவளிடம் வாசிப்பது பழக்கம். அவள் பாதியில் அடுப்பை அணைத்தாள்.

"ரெண்டு ஆடிக்கு முன்னாடி உங்களுக்கு மஞ்சக்காமாலை வந்தப்ப நானும் வேப்பஞ்சேலை கட்டினேன். ஞாபகம் இருக்குதா?"

"இருக்கு."

"அப்ப ஏன் மனு எழுதல?"

"நீ என் பெண்டாட்டி."

"அதேதான் நானும் கேக்கறேன்," என்றாள். அதோடு நாலு நாள் பேசவில்லை. சோறு மட்டும் போட்டாள். மாமியார் வீட்டைப் பற்றி எழுதச் சொன்னவருக்கு நேர்மாறாக எனக்குச் சோறு உண்டு, மரியாதைதான் கிடையாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஸ்பீக்கரில் ஹார்மோனியம் வரவில்லை. சபையில் ஞானத்தை வாசிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். வெறும் கைத்தட்டலோடு பாட்டு. அன்றைய பிரசங்கம், ஒரு பெண்ணைக் கல்லால் அடிக்கப் போனவர்கள் ஒவ்வொருவராகக் கல்லைக் கீழே போட்டுவிட்டுப் போன கதை. துணி அலசிக்கொண்டே முழுசாகக் கேட்டேன். தேவசகாயம் முதல் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டிருப்பார்.

செவ்வாய்க்கிழமை மெமோ வந்தது. ஏழு நாளுக்குள் பதில். புதன்கிழமை சாயங்காலம் கோதண்டம் என் வாசலுக்கு வந்தான்.

முடிவை முன்பே சொல்லிவிடுகிறேன். பதில் கொடுத்தார்கள், பலன் இல்லை. ஒரு மாதத்தில் வீட்டைக் காலி செய்ய வைத்தார்கள். ஞானத்தை வடக்கே எங்கேயோ ஒரு யூனிட்டுக்கு மாற்றினார்கள். தமிழ் பேச ஆளில்லாத ஊர் என்று கேள்வி. கோதண்டம் வேலையை விட்டுவிட்டுப் போய்விட்டான். இரண்டு வருஷம் கழித்துப் பூந்தமல்லி பஸ்ஸில் போகும்போது கரையான்சாவடியில் ஒரு கடையோரம் அவனைப் பார்த்தேன். பக்கத்தில் இருந்த ஆளிடம் ஒரு இன்லண்ட் லெட்டரைக் கொடுத்துப் படிக்கச் சொல்லிக்கொண்டிருந்தான். அச்செழுத்தைக் கூட்டிக் கூட்டிப் படிப்பான்; கையால் எழுதினதைப் படிக்க வராது அவனுக்கு. எனக்குப் படிக்க வரும். பஸ்ஸை விட்டு நான் இறங்கவில்லை.

அந்தக் கமிட்டி? அதற்குப் பிறகும் கூடியது. ஸ்பீக்கர் தகராறு தீரவே இல்லை. என் நோட்டில் நிறைவேறிய தீர்மானம் கடைசி வரை அந்த ஒன்றுதான்.

சரி, அந்தப் புதன்கிழமைக்கு வருகிறேன். உள்ளே வரச் சொன்னேன். வரமாட்டேன் என்று வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டான். சரோஜா டீ கொண்டுவந்து அவனுக்கு மட்டும் கொடுத்தாள்.

"ஞானம் என்ன சொல்றான்?" என்றேன்.

"அவரு பதில் எழுத மாட்டாராம். மேலேர்ந்து கேக்கவேண்டியவரு கேக்கறப்போ சொல்லிக்கிறேன்னு உக்காந்துகினு கீறாரு. ஒடம்பு இன்னும் தேறல. ஹார்மோனியம் வேணாம்ட்டாங்கல்ல, அதுலேந்து சோறு எறங்கல." டீயை ஆற்றினான். "ஆனா எனக்கு அந்த ஊடு வேணும் அண்ணாத்தே. வேற எங்க போனாலும் ரெண்டு பேரையும் ஒண்ணா வுட மாட்டாங்க. அதுக்குத்தான் வந்தேன். எதுனா எழுது."

எனக்குப் பரிகாரம் செய்ய ஒரு வழி கிடைத்த மாதிரி இருந்தது. மளமளவென்று யோசனை சொன்னேன். "உனக்குக் கல்யாணம் நிச்சயம் ஆகியிருக்கு, தை மாசம் முகூர்த்தம்னு எழுதிடறேன். விட்டுடுவாங்க. அப்புறம் பார்த்துக்கலாம்."

அவன் சிரித்தான். "எந்தப் பொண்ணு பேரை எழுதுவ? அதுக்கு வேற ஒருத்திய இழுக்கணுமா?"

"அப்ப என்னதான் எழுத?"

"நான் சொல்றன், எழுதிக்கோ." அவன் சொன்னான், நான் எழுதினேன். நான் எழுதியதிலேயே சின்ன கடிதம் அதுதான். 'ஞானப்பிரகாசம் சாகக்கிடந்தார். அவருக்கு நான்தான் இருக்கிறேன். அதனால் நான் வேண்டிக்கொண்டேன். அவர் பிழைத்தார். வேண்டுதலை முடித்தேன். நாங்கள் எவரையும் தொந்தரவு செய்ததில்லை. இதே வீட்டில் இருக்க அனுமதிக்க வேண்டும்.'

"மதத்துக்கு விரோதம்னு போட்டிருக்கே, அதுக்குப் பதில்?" என்றேன்.

"மூணு மதம்னு போட்டுக்கீற. எந்த சாமிக்கு ஆவலன்னு தெரிஞ்சா அதாண்ட போயிக் கேட்டுக்குவேன். அம்மாகிட்ட ஞானம்னு பேரு சொல்லித்தான் வேண்டினேன். உனக்கு அவரு இன்னா வேணும்னு அவ கேக்கல. நீங்கதான் கேக்கறீங்க."

கையெழுத்துப் போடுகிற இடத்தில் அவன் பெயரை ஒவ்வொரு எழுத்தாக வரைந்தான். நிமிர்ந்து தாளை என் பக்கம் திருப்பினான்.

"கீழ நீ ஒரு கையெழுத்துப் போடு அண்ணாத்தே. சாட்சின்னு."

"நான் எதுக்கு? எழுதிக் குடுக்கிறவன்தானே…"

"அந்த மனுவுல மூணு பேரு கையெழுத்து கீது. பெரிய மனுசங்க. இதுல நான் ஒருத்தன்தான். நம்மள சுத்தி எம்மாம் பேரு கீறாங்க, ஒருத்தனும் வர மாட்டான். நீ வருவேன்னுதான் வந்தேன்." குரலைத் தாழ்த்தினான். "மனுவ நீ எழுதினது ஃபோர்மேனுக்குப் பயந்து. அது எனக்குத் தெரியும். ஆனா அன்னிக்கு லிஸ்ட்டு எழுதினப்ப எவனும் உன்ன மெரட்டல. எங்க போடுறதுன்னு யோசிச்சு, என்னைச் சரியான எடத்துல போட்ட. ஊரு சிரிச்சாலும் பரவால்ல, ஒருத்தனுக்காவது தெரிஞ்சிருக்குதேன்னு மூணு சுத்தும் அத நெனச்சிகினேதான் சுத்தினேன். அதனாலதான் உன்னாண்ட வந்தேன்."

தாள் மிச்சம் பிடித்தேன் என்று எப்படிச் சொல்வது?

உள்ளே சரோஜாவின் வளையல் சத்தம் நின்றுவிட்டது தெரிந்தது. பேனாவை எடுத்தேன். முனையைத் தாளில் வைத்தேன். நாயுடு நினைவுக்கு வந்தார். ஸ்டோர்ஸில் சீனியர் கிளார்க் இடம் ஒன்று காலியாக இருந்தது, அதுவும் நினைவுக்கு வந்தது. 'அவனுக்கு சாட்சி போட்டியா, அப்ப நீ எப்படி?' என்று கேட்கப்போகிற வாய்கள் எல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தன. முனை வைத்த இடத்தில் மை ஊறி ஒரு பொட்டு விழுந்தது.

"தப்பா நினைச்சுக்காதே கோதண்டம். நான் எதுலயும் கையெழுத்துப் போடுறதில்லை. கொள்கை," என்றேன்.

அவன் டீ டம்ளரைக் கவிழாமல் ஓரமாக வைத்தான். தாளை மடித்து மடியில் செருகிக்கொண்டான். பிறகு என் விரல்களிலிருந்து பேனாவை மெல்ல எடுத்து, மூடியைத் தேடி மாட்டித் திருகி, என் சட்டைப் பையில் நேராகக் குத்திவிட்டுப் போனான்.